வாசகர் கேள்வி – பதில்: ஏவுகணை வருகிறதென்று சொல்பவர்கள்

கிறீன்லாந்து பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வரத் தொடங்கிய பின்னர், அங்குள்ள அமெரிக்கத் தளம் குறித்தும் அங்கிருந்து இயங்கும் ஏவுகணை எச்சரிக்கை அணி குறித்தும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் யாவும் ஒரே பொருளைத் தொட்டு நிற்பதால், இவ்விதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: கிறீன்லாந்தில் அமெரிக்க விண்வெளிப் படையின் ஏவுகணை எச்சரிக்கை அணி ஒன்று இருப்பதாக வாசித்தேன். வருகின்ற ஏவுகணையை அவர்கள் சுட்டு வீழ்த்துவார்களா? அவர்களுடைய வேலைதான் என்ன?
— ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: சுட்டு வீழ்த்துவது அவர்களுடைய வேலை அன்று. நீங்கள் வாசித்தது 12 ஆவது விண்வெளி எச்சரிக்கை அணி பற்றியதாக இருக்க வேண்டும். கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது பிட்டுஃபிக் விண்வெளித் தளம். 2023 ஏப்ரல் வரை அதன் பெயர் தூலே விமானத் தளம். அங்கே வடதிசையை நோக்கி நிற்கும் பெரிய ராடர் ஒன்றை இந்த அணி இரவு பகல் பாராமல் இயக்குகிறது. துருவத்தைக் கடந்து வட அமெரிக்காவை நோக்கி எந்த ஏவுகணையாவது வருகிறதா என்று பார்ப்பதும், வந்தால் எத்தனை, எங்கிருந்து புறப்பட்டவை, எங்கே எப்போது விழும் என்று கணித்துச் சொல்வதுமே அதன் முதற்பணி.

சொல்வது என்றால், திரையில் தெரிந்ததை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பிவிடுவது என்று கருதிவிடக் கூடாது. ராடரின் கணினி ஒரு பொருளை ஏவுகணை என்று இனங்கண்டவுடன், அது உண்மையானதா அல்லது கருவிக் கோளாறா, விண்கல்லா, பூமிக்குத் திரும்பும் பழைய செய்மதித் துண்டா என்பதைக் கடமையிலிருக்கும் குழு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் தீர்மானித்து, கொலராடோவிலுள்ள எச்சரிக்கை மையத்துக்கு அறிவிக்க வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஒன்று இலக்கை அடைய எடுக்கும் நேரம் சுமார் அரை மணித்தியாலம். ராடரின் பார்வைக்குள் அது வரும்போதே அதிற் பாதி கழிந்துவிடும். மிஞ்சும் கால் மணித்தியாலத்துக்குள்தான் நாட்டின் தலைவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, அவர் முடிவெடுக்க வேண்டும். ஆகவே, விரைவாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கட்டாயமும் அந்தச் சிறு குழுவின்மீது ஒரே வேளையில் விழுகின்றன. இந்த அணியினதும் இதைப் போன்ற ஏனைய அணிகளினதும் அறுபதாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் பெரும்பகுதி, தவறாகச் சொல்லாதிருக்கப் பழகிய வரலாறுதான் என்பது என் கணிப்பு. கீழே வரும் பதில்களிலும் அதைக் காண்பீர்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் முகாமிலிருந்து ஷெல் குத்தும் சத்தம் கேட்டவுடனேயே பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடுவோம். அது வந்து விழுவதற்குச் சில செக்கன்கள் கிடைக்கும். இவர்கள் செய்வதும் அதுதானா?
— ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: அடிப்படை அதுவே. புறப்படுவதை அறிந்தால் விழுவதற்கு முன் ஒதுங்கலாம் என்பதைப் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இருந்து கற்றவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. ஆனால் நமக்குக் காது ஒன்றுதான் இருந்தது. அவர்களிடம் இரண்டு வழிகள் உண்டு. அந்த இரண்டு என்ற எண்ணிக்கையில்தான் முழு ஏற்பாடும் தங்கியிருக்கிறது.

முதலாவது செய்மதி. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள், ஏவுகணையின் இயந்திரம் கக்கும் தீயின் அகச்சிவப்புக் கதிரைக் கண்டு, அது மேலெழும் கட்டத்திலேயே செய்தி அனுப்புகின்றன. 1970 நவம்பரில் முதன்முதலாக ஏவப்பட்ட டி.எஸ்.பி. வகைச் செய்மதிகள் நிமிடத்துக்கு ஆறு முறை தம்மைத் தாமே சுற்றியபடி பூமியைப் பார்த்தன. ஆகவே ஒவ்வோர் இடமும் பத்துச் செக்கன்களுக்கு ஒருமுறை அவற்றின் கண்ணில் பட்டது. ஆனால் சில நிமிடங்களில் எரிபொருள் முடிந்து தீ அணைந்ததும், குளிர்ந்த வானில் விரையும் வெடிமுனையை இந்த வகைச் செய்மதியாற் பின்தொடர முடியாது.

அந்த இடத்தில் வேலையைப் பொறுப்பேற்பது இரண்டாவதாகிய ராடர். அது வெப்பத்தைப் பார்ப்பதில்லை. தான் அனுப்பிய வானொலி அலை பொருளின்மீது பட்டுத் திரும்புவதைப் பார்க்கிறது. வெப்பத்தால் ஏமாறும் கருவியும் எதிரொலியால் ஏமாறும் கருவியும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அரிது. எனவேதான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இயற்பியல் முறைகள் ஒத்துச் சொல்லும்வரை எந்த எச்சரிக்கையும் முழு உறுதி பெற்றதாகக் கொள்ளப்படுவதில்லை.

கேள்வி: இந்த ஏற்பாடு எப்போது, எதற்காகத் தொடங்கியது? உலகப் படத்தில் பார்த்தால் கிறீன்லாந்து ஒரு மூலையிலல்லவா இருக்கிறது?
— உயர்தர மாணவன், பருத்தித்துறை

பதில்: தம்பி, சுவரில் தொங்கும் உலகப் படத்தை விட்டுவிட்டுப் பூகோள உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு மிகக் குறுகிய வழி வடதுருவத்துக்கு மேலாகச் செல்கிறது. கிறீன்லாந்து மூலையில் இல்லை; வழியின் நடுவிலேயே இருக்கிறது.

1957 ஓகஸ்டில் சோவியத் ஒன்றியம் தனது முதலாவது கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை வெற்றிகரமாகப் பரீட்சித்தது. ஒக்டோபர் 4 ஆம் திகதி, அதே வகை ரொக்கெற்றில் ஸ்புட்னிக் செய்மதி விண்ணுக்குச் சென்றது. அதுவரை அமெரிக்கா அஞ்சியது குண்டுவீச்சு விமானங்களுக்கு. அவை வந்துசேர மணித்தியாலங்கள் எடுக்கும். ஏவுகணைக்கு அரை மணித்தியாலம் போதும் என்றானபோது, விமானங்களுக்காக அமைத்த ராடர் வரிசைகள் பயனற்றுப் போயின. அதற்கு விடையாக எழுந்ததுதான் பி-மியூஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஏவுகணை முன்னெச்சரிக்கை வலையமைப்பு. தூலேயில் முதலாவது நிலையம் 1960 இலும், அலாஸ்காவின் கிளியரில் இரண்டாவது 1961 இலும், இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸில் மூன்றாவது 1963 இலும் இயங்கத் தொடங்கின. பிரித்தானியா சோவியத் ஏவுகணைகளுக்கு மிக அருகில் இருந்ததால் அந்நாட்டு மக்களுக்குக் கிடைக்கக்கூடிய அவகாசம் நான்கு நிமிடங்கள் மட்டுமே என்று கணிக்கப்பட்டது. "நான்கு நிமிட எச்சரிக்கை" அங்கே ஒரு தலைமுறையின் வாயில் புழங்கிய தொடராகிவிட்டது.

தூலேயில் முதலில் நிறுவிய அன்ரனாக்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 மீற்றர் உயரமும் 120 மீற்றர் நீளமும் கொண்ட அசையாத எஃகு வலை. ஒவ்வொன்றும் அடிவானத்துக்குச் சற்று மேலே ஒன்றும் அதற்கும் மேலே இன்னொன்றுமாக இரண்டு விசிறி வடிவ அலைக்கற்றைகளை வானில் விரித்து வைத்திருந்தது. ஏவுகணை கீழ்க்கற்றையைக் கடக்கும் கணத்தையும் மேற்கற்றையைக் கடக்கும் கணத்தையும் இடத்தையும் கொண்டு அதன் பாதையைக் கணினி கணித்தது. வெறும் இரண்டு புள்ளிகளிலிருந்து ஒரு நகரின் தலைவிதியைக் கணிப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று உங்கள் கணித ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

1987 இல் அந்தப் பெரிய வலைகளின் இடத்தை இரு முகங்கொண்ட நிலைத்த ராடர் ஒன்று பிடித்தது. அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. முகத்தில் பதித்த ஆயிரக்கணக்கான சிறு அன்ரனாக்களின் அலைக்கட்டத்தை மின்னணு முறையில் மாற்றுவதன் மூலம் கற்றையை நினைத்த திசைக்கு உடனடியாகத் திருப்பலாம். ஒரு முகம் 120 பாகை. இரண்டும் சேர்ந்து 240 பாகை. பின்னர் அதுவும் மேம்படுத்தப்பட்டது.

நிர்வாகக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் வான் பாதுகாப்புக் கட்டளையகத்தின் கீழும், 1979 இன் இறுதியிலிருந்து, அணுகுண்டு விமானங்களுக்குப் பொறுப்பான மூலோபாய வான் கட்டளையகத்தின் கீழும், பின்னர் 1982 இல் உருவான வான்படை விண்வெளிக் கட்டளையகத்தின் கீழும் இவ்வகை நிலையங்கள் இருந்தன. 2019 டிசம்பர் 20 ஆம் திகதி விண்வெளிப் படை தனிப் படையாக உருவெடுத்தபோது அதனிடம் வந்துசேர்ந்தன. மேலே பலகை மாறியது, பணி மாறவில்லை.

கேள்வி: சந்திரனை ஏவுகணை என்று நினைத்துவிட்டார்களாமே, உண்மையா?
— ஒரு வாசகர், நல்லூர்

பதில்: உண்மைதான். தூலே நிலையம் இயங்கத் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. 1960 ஒக்டோபர் 5 ஆம் திகதி, அங்கிருந்து வந்த தரவு பெருந்தொகையான ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. கொலராடோவிலிருந்த நோராட் எனும் அமெரிக்க–கனடிய கூட்டு வான் பாதுகாப்புக் கட்டளையகத்தின் தலைமையகத்தில் அப்போது பொறுப்பிலிருந்தவர் கனடிய வான்படை அதிகாரியான ரோய் ஸ்லெமன். குருஷேவ் எங்கே என்று அவர் கேட்டார். சோவியத் தலைவர் ஐ.நா. பொதுச் சபைக்காக நியூயோர்க்கில் இருக்கிறார் என்று பதில் வந்தது. தம் தலைவர் நியூயோர்க்கில் இருக்கும்போது அவரது நாடு அமெரிக்காமீது ஏவுகணை வீசுமா? கருவி சொன்னதைக் கருவிக்கு வெளியே கிடைத்த ஒரு செய்தியால் சோதித்துப் பார்த்த அந்தக் கேள்வி, இந்தத் துறையில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்விகளுள் ஒன்று.

நடந்தது இதுதான். நோர்வேயின் பக்கமாக அடிவானத்தில் எழுந்த சந்திரன்மீது பட்ட ராடர் அலை, போய்வர இரண்டரைச் செக்கன்களுக்கு மேல் எடுத்துத் திரும்பியது. அதற்குள் ராடர் இன்னும் பல துடிப்புகளை அனுப்பியிருந்தது. திரும்பிய எதிரொலி எந்தத் துடிப்புக்கு உரியது என்பதைக் கணினியால் பிரித்தறிய முடியவில்லை. கடைசியாக அனுப்பியதற்கு உரியதென்று கொண்டு, ஏறத்தாழ நான்கு இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்திரனைச் சில ஆயிரம் கிலோமீற்றருக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ராடரை வடிவமைத்தவர்கள் எதிரியின் ஏவுகணை ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்திருந்தார்கள், சந்திரனை எண்ணவில்லை. பின்னர் கணினி திருத்தப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு மறுபக்கமாக ஒரு பயம் வந்தது. 1961 நவம்பர் 24 ஆம் திகதி, மூலோபாய வான் கட்டளையகத்துக்கு நோராட்டுடனும் தூலேயுடனும் இருந்த தொடர்புகள் ஒரே வேளையில் அறுந்துபோயின. தாக்குதலின் முதல் அடி எச்சரிக்கை நிலையத்தின்மீதே விழும் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்ததால், மௌனமே தாக்குதலின் அறிகுறியாகத் தோன்றியது. குண்டுவீச்சு விமானிகள் ஓடித் தம் விமானங்களில் ஏறினர். இறுதியில் தூலேக்கு மேலே பறந்துகொண்டிருந்த பி-52 விமானம் ஒன்று, தளம் பத்திரமாக இருக்கிறது என்று அறிவித்தது. தனித்தனிப் பாதைகள் என்று நம்பிய தொடர்புகள் யாவும் கொலராடோவிலிருந்த ஒரே ஒரு தொலைபேசி அஞ்சல் நிலையத்தின் ஊடாகவே போயின என்பதும், அங்கே ஒரு மோட்டார் சூடேறிப் பழுதடைந்தது என்பதும் பின்னரே தெரிந்தன.

அந்த விமானம் அங்கே தற்செயலாகப் பறக்கவில்லை. எச்சரிக்கை நிலையம் உயிரோடிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கென்றே அணுகுண்டு ஏந்திய விமானங்களை அப்பகுதியில் சுற்றவிட்டிருந்தார்கள். 1968 ஜனவரி 21 ஆம் திகதி அவ்வாறு பறந்த பி-52 ஒன்றில் தீப்பற்றி, நான்கு ஐதரசன் குண்டுகளோடு தளத்துக்கு அருகே கடற்பனிமீது வீழ்ந்து நொறுங்கியது. அணுவெடிப்பு நிகழவில்லை, ஆயினும் குண்டுகளிலிருந்த சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளூட்டோனியம் பனியெங்கும் சிதறியது. எழுவரில் அறுவர் தப்பினர். காவலாளியைக் காவல் காக்கப் போனதில் வந்த வினை அது. அணுகுண்டோடு வானில் காத்திருக்கும் பறப்புகள் அத்தோடு நிறுத்தப்பட்டன.

கேள்வி: அந்தத் தளம் அமைந்த நிலம் யாருடையது?
— வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு வாசகர், தற்போது மருதனார்மடம்

பதில்: உங்கள் கேள்வியின் பின்னணி எமக்குத் தெரியும் ஐயா. கிறீன்லாந்து டென்மார்க் இராச்சியத்தைச் சேர்ந்தது; தளம் 1951 ஆம் ஆண்டின் டென்மார்க்–அமெரிக்க உடன்படிக்கையின் கீழ் கட்டப்பட்டது. அதன் அருகே உம்மன்னாக் என்ற குடியிருப்பில் இனுகுயிற் எனும் பூர்வகுடி வேட்டைக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. 1953 மே மாதத்தில், தளத்தை விரிவுபடுத்துவதற்காக, நூற்றுக்குச் சற்று மேற்பட்ட அம்மக்களைச் சில நாள் அவகாசத்தில் எழுப்பினார்கள். நூறு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, கானாக் என்ற இடத்துக்கு அவர்கள் போக வேண்டியதாயிற்று. புதிய வீடுகள் அப்போது கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை. அவர்கள் விருப்பத்துடனேயே சென்றார்கள் என்பது நீண்ட காலம் டென்மார்க் அரசு சொல்லி வந்த கதை. 1999 இல் டென்மார்க் நீதிமன்றம் அது கட்டாய வெளியேற்றமே என்று தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கியது. பிரதமரும் மன்னிப்புக் கேட்டார். நிலத்துக்குத் திரும்பும் உரிமையை 2003 இல் உச்ச நீதிமன்றம் வழங்க மறுத்துவிட்டது. நட்டஈடாகக் கிடைத்த தொகை மிகச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: கணினிகள் வளர்ந்த பிறகு இவ்வாறான தவறுகள் நின்றுவிட்டனவா? ஹவாயில் 2018 இல் நடந்தது இந்த அணிகளின் பிழையா?
— கணினித் துறையில் பணிபுரியும் ஒரு வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: நிற்கவில்லை, வகைதான் மாறியது. 1979 நவம்பர் 9 ஆம் திகதி, பெருந்தாக்குதல் ஒன்றைச் சித்திரிக்கும் பயிற்சித் தரவு நோராட்டின் இயங்கு கணினிக்குள் நுழைந்து, உண்மைபோலத் திரைகளில் தெரிந்தது. ராடர் நிலையங்களையும் செய்மதிகளையும் நேரே கேட்டபோது எதுவும் வரவில்லை என்றார்கள். சில நிமிடங்களில் பதற்றம் தணிந்தது.

1980 ஜூன் மாதத்து நிகழ்வு உங்கள் துறையினருக்குச் சுவையாக இருக்கும். தொடர்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிப்பதற்காக நோராட் கணினி இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. அச்செய்தி உண்மையான தாக்குதல் அறிவிப்பின் அதே வடிவில், ஏவுகணை எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியங்களோடு சென்றது. 46 சதம் மட்டுமே பெறுமதியான ஒரு மின்னணுச் சில்லு (சிப்) பழுதடைந்தபோது, பூச்சியங்கள் இருந்த இடங்களில் இரண்டுகள் தோன்றின. 2 ஏவுகணை, 220 ஏவுகணை என்று திரைகள் மாறி மாறிச் சொல்லின. சோதனைச் செய்தியை உண்மைச் செய்தியின் அச்சிலேயே வார்த்ததுதான் மூலத்தவறு. சில்லின்மீது மட்டும் பழிபோடுவது நியாயமன்று.

சோவியத் தரப்பில், 1983 செப்டெம்பர் 26 ஆம் திகதி, மொஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள நிலத்தடி நிலையத்தில் கடமையிலிருந்த லெப்டினன்ட் கேணல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவின் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் தோன்றின. ஐந்து ஏவுகணைகளோடு எவரும் போர் தொடங்கமாட்டார் என்று எண்ணிய அவர், பொய் எச்சரிக்கை என்று அறிவித்தார். தரை ராடர்களும் எதையும் காட்டவில்லை. உயர்ந்த முகில்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே செய்மதியை ஏமாற்றியிருந்தது. 1995 ஜனவரி 25 ஆம் திகதி, துருவ ஒளியை ஆராய நோர்வேயிலிருந்து ஏவிய ரொக்கெற் ஒன்றை ரஷ்ய ராடர் ஏவுகணையென்று கருதி, அணுவாயுதத் தாக்குதலுக்கு ஆணையிட ஜனாதிபதி யெல்ற்சினிடம் இருந்த பெட்டி திறக்கப்படும் அளவுக்குப் போனது. நோர்வே முன்கூட்டியே அறிவித்திருந்தது. அறிவித்தல் ராடர் நிலையத்தைப் போய்ச் சேரவில்லை.

ஹவாய் வேறு கதை. 2018 ஜனவரி 13 ஆம் திகதி காலையில் கைத்தொலைபேசிகளுக்கு வந்த, ஏவுகணை வருகிறதென்ற பொய் எச்சரிக்கையை அனுப்பியது மாநில அவசரகால நிறுவனத்தின் ஊழியர். ராடர்களோ செய்மதிகளோ எதையும் காணவில்லை. இராணுவம் சில நிமிடங்களிலேயே அதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் அதே கைத்தொலைபேசிகளுக்கு மறுப்புச் செய்தி போய்ச் சேர 38 நிமிடங்கள் எடுத்தன. அந்த 38 நிமிடங்களுக்கு எச்சரிக்கை அணிகள் பொறுப்பல்ல.

கேள்வி: இத்தனை செலவுக்கு ஒருநாளாவது உண்மையாகப் பயன்பட்டதுண்டா?
— ஒரு வாசகர், மானிப்பாய்

பதில்: எந்தப் போருக்காக உருவாக்கினார்களோ அந்தப் போர் வரவில்லை, வேறு போர்களில் பயன்பட்டது. 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் சிறியவை; அவற்றின் தீயும் குறுகிய நேரமே எரிந்தது. ஆயினும் பெரிய ஏவுகணைகளுக்கென வடிவமைத்த டி.எஸ்.பி. செய்மதிகள் அவற்றையும் கண்டன. சவூதி அரேபியாவிலும் இஸ்ரேலிலும் மக்கள் ஒதுங்குவதற்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. 2020 ஜனவரி 8 ஆம் திகதி ஈரான் ஈராக்கிலுள்ள அல் அசாத் தளத்தின்மீது ஏவுகணைகளை வீசியபோது, கொலராடோவின் பக்லியிலிருந்து செய்மதித் தரவைக் கவனிக்கும் 2 ஆவது விண்வெளி எச்சரிக்கை அணியே எச்சரிக்கை கொடுத்தது. தளத்தில் எவரும் இறக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் வெடியதிர்வால் மூளைக் காயமடைந்தனர்.

கேள்வி: அம்பாந்தோட்டைக்கு வந்த சீனக் கப்பலும் இதே வேலையைத்தான் செய்ததா?
— ஒரு வாசகர், காரைநகர்

பதில்: முழுவதும் அப்படியல்ல. 2022 ஓகஸ்ட் 16 ஆம் திகதி இந்தியாவின் கவலைக்கு நடுவே அம்பாந்தோட்டையை அடைந்த யுவான் வாங் 5, செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல்தான். ஆனால் இத்தகைய கப்பல்களின் முதன்மைப் பயன், தம் நாடு ஏவும் ரொக்கெற்றுகளை உலகின் மறுபக்கத்திலிருந்து தொடர்ந்து பார்ப்பது. ஒரே வான்பகுதியை ஆண்டு முழுவதும் விடாமல் பார்த்திருக்கும் காவலுக்குக் கப்பல் ஒத்துவராது. அதற்கு நிலத்தில் ஊன்றிய ராடரும் செய்மதியும் வேண்டும். அயலில் இந்தியாவிடமும் இவ்வகைக் கப்பல் உண்டு: 2021 இல் விசாகப்பட்டினத்தில் சேவைக்கு வந்த ஐ.என்.எஸ். துருவ்.

கேள்வி: ஏவுகணை வராத நாட்களில் அந்த அணியினர் என்ன செய்கிறார்கள்?
— ஒரு மாணவி, உடுவில்

பதில்: குளிர்காலத்தில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. துறைமுகம் ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடப்பதால் ஆண்டுக்குத் தேவையான பெரும் பொருட்கள் கோடையில் கப்பலில் வந்துவிட வேண்டும். 1972 மார்ச்சில் அங்கு வீசிய காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 333 கிலோமீற்றர் என்று பதிவாகியிருக்கிறது. தளத்திலிருந்து ராடர் நிலையத்துக்குச் செல்லும் இருபது கிலோமீற்றர் வீதியே புயல்நாளில் ஒரு பயணந்தான்.

ராடருக்கு ஓய்வில்லை. தன் பார்வைக்குள் வரும் செய்மதிகளையும் விண்குப்பைகளையும் அது அளந்து, அமெரிக்காவின் விண்பொருட் பட்டியலுக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தெரிந்த பொருட்களின் பாதை முன்கூட்டியே கணக்கில் இருந்தால்தான், தெரியாத ஒன்று தோன்றும்போது பிரித்தறிய முடியும். உலகெங்கும் பரந்துள்ள அத்தகைய கருவிகளின் தரவால் நிரம்பும் அந்தப் பட்டியலில், ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கி, 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இராவணா-1 என்ற சின்னஞ்சிறு செய்மதிக்கும் ஓர் இலக்கம் இருந்தது.